காட்கில், தனஞ்செய் ராமச்சந்திர

பொருளியல் பேராசிரியர், புனேயிலுள்ள கோகலே அரசியல், பொருளாதார நிறுவனத்தின் முதல் இயக்குநர். பிறப்பு 1901 ஏப்ரல் 10, நாசிக். மறைவு 1971 மே 3. ‘காட்கில் அறிக்கை’ என்றதும் தமிழ் வாசகருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் நினைவுக்கு வரும். அந்த அறிக்கை இவருடைய மகன், சூழலியலாளர் மாதவ் காட்கிலின் தலைமையில் 2011இல் வந்தது. தந்தையின் களம் காடல்ல, கடைத்தெரு.

நாக்பூரில் பள்ளிப் படிப்பு, பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே எழுதிய ஆய்வேடு, இந்தியத் தொழில்களின் வளர்ச்சி பற்றிய ஆங்கில நூலாக 1924இல் வெளிவந்தது. கைத்தொழில்களின் நலிவு, ஆலைகளின் வரவு, ரயில்பாதை, வேளாண்மை எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொன்ன அந்நூலை எழுதியவருக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். பல பதிப்புகள் கண்டு, நெடுங்காலம் கல்லூரிகளில் பாடநூலாக இருந்தது. சிறிது காலம் சூரத்தில் எம்.டி.பி. கல்லூரியின் முதல்வராக இருந்தார்.

ராவ்பகதூர் ஆர். ஆர். காலே அளித்த நன்கொடையைக் கொண்டு இந்திய ஊழியர் சங்கம் 1930இல் புனேயில் கோகலே நிறுவனத்தைத் தொடங்கியது. கோபால கிருஷ்ண கோகலே 1905இல் நிறுவிய சங்கம் அது. அவருக்குப் பின் அதன் தலைவரானவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். காட்கில் 1966 வரை கோகலே நிறுவனத்திலேயே இயக்குநர். முப்பத்தாறு ஆண்டுகள்!

அவருடைய தனித்தன்மை இந்தக் காலத்தின் கள ஆய்வுகளில்தான் தெரிகிறது. பொருளியலை ஏட்டிலிருந்தே கற்பித்த நாளில் அவர் புனேயின் பழ வணிகத்தை ஆராய்ந்தார் (1933). பழம் விளைந்த இடத்துக்கும் வாங்குபவர் கைக்கும் நடுவே யார் யார் நிற்கிறார்கள் என்பது அதில் அடங்கிய கேள்வி. அடுத்து பம்பாய் மாகாணத்தின் ஆறு மாவட்டங்களில் ஓடிய மோட்டார் பஸ் தொழிலைப் பற்றிய ஆய்வு (1935). புனே நகரின் சமூக, பொருளாதார நிலை குறித்த பெரிய ஆய்வு 1945இலும் 1952இலும் இரு பகுதிகளாக வந்தது. பின்னர் இந்திய வணிக வகுப்பின் தோற்றம் பற்றி எழுதிய நூலுக்கு (1959) ‘இடைக்கால அறிக்கை’ என்றே துணைத்தலைப்பு இட்டார். பேராசிரியர்களிடம் அரிதாகக் காணும் அடக்கம் இது. நிறுவனத்தின் ஆய்விதழான ‘அர்த்த விஞ்ஞான’ தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

எழுத்தோடு நிற்கவில்லை. அகமதுநகர் மாவட்டம் லோணியில் விட்டல்ராவ் விகே பாட்டீல் கரும்பு விவசாயிகளைத் திரட்டித் தொடங்கிய பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு முதல் தலைவராக இருந்து வழிகாட்டினார். மகாராஷ்டிரத்தில் பின்னால் பெருகிய கூட்டுறவு ஆலைகளுக்கு அதுவே முன்னோடி.

புனே பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு குறுகிய காலமே. 1967இல் திட்டக்குழுத் துணைத்தலைவரானார். மாநிலங்களுக்கு மத்திய உதவியைப் பிரிக்க 1969இல் ஏற்கப்பட்ட ‘காட்கில் சூத்திரம்’ அவர் பெயரை நிலைநிறுத்தியது. மக்கள்தொகைக்கு 60 விழுக்காடு. தனிநபர் வருமானம், வரி முயற்சி, நடந்துகொண்டிருந்த பாசன, மின் திட்டங்கள், மாநிலத்தின் தனிச் சிக்கல்கள் ஆகிய நான்குக்கும் தலா 10. வங்கிகள் மாவட்டந்தோறும் பொறுப்பேற்கும் முன்னோடி வங்கித் திட்டத்துக்கு வித்திட்டதும் அதே ஆண்டில் அவர் தலைமையிலான ஆய்வுக் குழு அளித்த பரிந்துரைதான்.

சூத்திரம் நாடறிந்தது, ஆனால் பழக்கடையையும் பஸ்ஸையும் பற்றிய ஆய்வுகளே அவரை நன்கு காட்டுகின்றன. கோகலே நிறுவனத்தின் நூலகம் இன்று தனஞ்செயராவ் காட்கில் நூலகம் என்ற பெயரில் இயங்குகிறது.