தோட்டாவின் கதை தெரியும், குழலின் கதை தெரியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1857 கிளர்ச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது தோட்டாதான். என்ஃபீல்ட் ரைபிளின் தோட்டா உறையில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறார்கள் என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியது. அந்த உறையைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும். மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்து மறுத்தார்கள். மே 9ஆம் திகதி அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எரிந்தது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் அதே துவக்கை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்கம் தேவை. ரைபிள் குழலின் உட்புறத்தில் நெளிந்து சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். என்ஃபீல்டில் மூன்று வரிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு போகும் குண்டு பம்பரம் போலச் சுழன்றபடி வெளியேறும். சுழல்வதால் தடுமாறாமல் நெடுந்தூரம் நேராகப் போகும். வரி இல்லாத மொட்டைக் குழலில் குண்டு நூறு யாரைத் தாண்டினால் குறி நிச்சயமில்லை. ரைபிளுக்கும் பழைய மஸ்கெட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

1858இல் இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு புது மாதிரித் துவக்கு வந்தது. உண்மையில் அது புதிதல்ல, அதே என்ஃபீல்ட்தான். 0.577 அங்குலமாக இருந்த குழலின் துளையை 0.656 அங்குலமாகக் கடைந்து பெருப்பித்தார்கள். சுற்றிவரக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இரும்பு போனது. அத்தோடு வரிகளும் போயின. தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் குறிகாட்டியைக் கழற்றிவிட்டு அசையாத ஒரு கட்டையைப் பொருத்தினார்கள். வெளியே பார்த்தால் வெள்ளைச் சிப்பாயின் துவக்கும் இந்தியச் சிப்பாயின் துவக்கும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் யாரை நம்பினார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்பது தெரியும்.

கடைந்த குழல் மெலிந்து போனதால் அதில் புடைப்பும் வளைவும் ஏற்பட்டன. ஆகவே மறு ஆண்டே தடித்த சுவருடைய குழலோடு 1859 மாதிரி வந்தது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

இந்தப் பழக்கம் அத்தோடு நிற்கவில்லை. பின்னாளில் வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் 0.303 இராணுவ ரைபிள்களைப் பொலிசாருக்கும் காவலாளிகளுக்குமாக மாற்றினார்கள். குழலை 0.410 அங்குலத்துக்குக் கடைந்து மொட்டையாக்கினார்கள். தோட்டா போய் அமரும் அறையையும் புது அளவுக்கு வெட்டினார்கள். பல தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில் மரக்கட்டையை அடைத்து, ஒரு வேட்டுத் துவக்காக்கினார்கள். அந்தத் தோட்டாவைத் திருடிக்கொண்டு போனாலும் இராணுவ ரைபிளில் போட முடியாது. காவலுக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் நாளை நம் பக்கம் திரும்பிவிடக் கூடாது. அந்தக் கணக்கைத்தான் குழலுக்குள் கடைந்து வைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்ட்டினி-ஹென்றி என்பது 1871இல் பிரித்தானிய இராணுவத்துக்கு வந்த ஒரு வேட்டு ரைபிள். அதன் குழல் உடம்போடு மரை போட்டுத் திருகப்பட்டது. 0.303 தோட்டா வந்தபோது பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதுக் குழலைப் பூட்டி, அதே துவக்குக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்தார்கள். ஒரே தொழில்நுட்பம்தான். ஓரிடத்தில் துவக்கை உயர்த்தியது, இன்னோரிடத்தில் முடமாக்கியது. 1914இல் இந்தியப் படையினர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அவர்கள் கையில் இருந்த பழைய ரைபிள்களை வாங்கிப் புதியவற்றைக் கொடுத்தார்கள். ஜேர்மனியருக்கு எதிரே நிற்க வேண்டி வந்தபோது நம்பிக்கையும் வந்துவிட்டது.

நம் நாட்டில் என்ன நடந்தது? இலங்கையில் மலாய் முஸ்லிம்கள் பலர் பணிபுரிந்த படையணிக்கு 1827இல் இலங்கை ரைபிள் படையணி என்று பெயர் வந்தது. 1873இல் அது கலைக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் பலர் பொலிசுக்குப் போனார்கள், சிலர் தோட்டங்களில் வேலைக்கு வந்தார்கள். 1900இல் இந்த மலைநாட்டில் மறுபடியும் ரைபிள் படை ஒன்று உருவானது. அது தோட்டத் துரைமாரின் படை, ஐரோப்பியருக்கு மட்டும். கங்காணிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ அதில் இடமில்லை. இங்கே குழலைக் கடைய வேண்டிய தேவையே வரவில்லை. ஆளை வாசலில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். பெரிய தொழிற்சாலையில் செய்து, சோதித்துப் பார்த்த இரும்புக் குழலே ஒரு மில்லிமீட்டர் கடைந்ததும் தாங்கவில்லை. அப்படியிருக்க, காட்டுப்பன்றிக்கென்று தண்ணீர்க் குழாயில் துவக்குச் செய்து, கம்பி இழுத்துக் கட்டி வைப்பவர்களை என்ன சொல்வது? அது பன்றியையும் மனிதனையும் பிரித்துப் பார்க்காது. கொழுந்துக்குப் போகிறவரும், விறகுக்குப் போகிறவரும், குறுக்கு வழியில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். கட்டியவன் கையிலேயே வெடிக்கவும் கூடும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருப்பதையும் செய்வதையும் தடுக்கிறது. பன்றி பயிரை அழிப்பது உண்மை, அந்த நட்டமும் உண்மை. ஆனால் ஓர் உயிரைத் திருப்பித் தர எந்த விளைச்சலாலும் முடியாது. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று நம் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது.

வரலாற்றை நாம் பரீட்சைக்காக மட்டும் படிப்பதில்லை. ஓர் இரும்புக் குழாய்க்குள் யாருடைய பயம் இருக்கிறது, அதன் எதிரில் யாருடைய பிள்ளை நிற்கிறது என்று கேட்கப் பழகுவதற்கும்தான் படிக்கிறோம்.

உங்கள் குடும்பத்தில் பாட்டன் பூட்டன் யாராவது ரைபிள் படையணியிலோ பொலிசிலோ இருந்திருந்தால், தெரிந்த கதையைக் கீழே எழுதுங்கள். பழைய படமோ கடதாசியோ இருந்தால் படம் பிடித்துப் போடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் சேர்த்து வைப்போம்.