ஹாம் வானொலியில் கத்துக்குட்டிகள்

அமெச்சூர் வானொலியில் ஈடுபடுவோரை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைக்கின்றனர். ஈடுபடுவோரே தம்மை அப்படித்தான் பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றனர். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அது பட்டமன்று, வசை. 'வேலை தெரியாதவன்' என்பதே அதன் பொருள். தமிழில் 'கத்துக்குட்டி' என்ற சொல் சுமக்கும் ஏளனத்தைவிட அது சற்றுக் கூடுதலாகவே சுமந்தது. ஒரு பொழுதுபோக்குக் கூட்டம் தன்மீது வீசப்பட்ட வசையையே பெயராக ஏற்றுக்கொண்டது. பின்னர், தன்னிடம் வந்து சேர்ந்த ஒவ்வொரு புதிய தலைமுறைக்கும் வேறொரு வசையைத் தேடிக் கொடுத்தது. ஹாம் வானொலியில் புதியவர்களின் வரலாறு பெரும்பாலும் இதுதான்.

பெயர் வந்த வழி

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் ஒரே கம்பியில் பல நிலையங்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் செய்தி அனுப்பும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கை பழகாத ஓர் இளைஞர் தட்டுத் தடுமாறி அனுப்பினால், அல்லது புரியாமல் மீண்டும் மீண்டும் கேட்டால், அந்தக் கம்பி முழுவதும் முடங்கியது. எனவே திறமையற்ற தந்தியாளர்மீது மற்றவர்களுக்குக் கோபம் இருந்தது. அவர்களைக் குறிக்க 'பிளக்', 'லிட்', 'ஹாம்' ஆகிய சொற்கள் தந்தியாளர்களின் பேச்சுவழக்கில் புழங்கின. தந்தித் தொழில் கற்பிக்கும் நூல்களிலேயே 'ஹாம்' என்பதற்கு மோசமான தந்தியாளர் என்று பொருள் தரப்பட்டிருந்தது.

மார்க்கோனிக்குப் பின் கம்பியில்லாத் தந்தி வந்தது. கப்பல்களிலும் கரை நிலையங்களிலும் பணியில் அமர்ந்தவர்களில் பலர் கம்பித் தந்தியிலிருந்து வந்தவர்கள். அதே காலத்தில் அமெரிக்க நகரங்களின் வீட்டு மாடிகளிலும் கொட்டகைகளிலும் பள்ளிச் சிறுவர்கள் தீப்பொறி அலைபரப்பிகளைத் தாமே கட்டி இயக்கத் தொடங்கினர. தீப்பொறிக் கருவியின் அலை ஓரிடத்தில் ஒடுங்கி நிற்பதில்லை. அக்கம்பக்க அலைவரிசைகளையெல்லாம் நிறைத்துவிடும். கம்பியில் இருந்த நெருக்கடி இப்போது காற்றிலும் வந்தது. கப்பலுடன் பேசிக்கொண்டிருந்த தொழில்முறையாளர், குறுக்கே விழுந்த சிறுவனைப் பழைய வசையாலேயே திட்டினார். திட்டப்பட்டவர்களில் பலருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அதைத் தம் பெயராகவே எடுத்துக்கொண்டனர்.

இந்தப் பிறப்பை மறைக்க ஒரு கதையும் உருவானது. 1908ஆம் ஆண்டு ஹார்வர்டில் ஹைமன், ஆல்மி, மரே என்ற மூன்று மாணவர்கள் நிலையம் ஒன்றை நடத்தியதாகவும், அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களே 'ஹாம்' என்றானதாகவும், அமெரிக்கக் காங்கிரசில் அந்த மாணவரின் பேச்சு உறுப்பினர்களின் மனத்தை மாற்றியதாகவும் அக்கதை சொல்லும். இதற்குச் சான்று ஏதுமில்லை. இருந்தும் பல பத்தாண்டுகளாக இது மன்ற இதழ்களிலும் அறிமுகக் கையேடுகளிலும் வலம் வந்தது. தாம் தாங்கும் பெயர் கத்துக்குட்டிக்கான வசை என்பதை ஒப்புக்கொள்வதைவிட, மூன்று கெட்டிக்கார மாணவர்களை நம்புவது பலருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

ஒதுக்கப்பட்ட அலைகள்

1912இல் டைட்டானிக் மூழ்கியபோது முரண்பட்ட செய்திகள் காற்றில் பரவின. குழப்பத்துக்கு அமெச்சூர்களும் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு நிறைவேறிய அமெரிக்க வானொலிச் சட்டம் அவர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளங்களும் மட்டுமே என்று ஒதுக்கியது. நெடுந்தொலைவுக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்பது அன்றைய நம்பிக்கை. குற்றலைகள் எதற்கும் உதவாதவை எனக் கருதப்பட்டதால்தான் அவை கத்துக்குட்டிகளுக்குக் கிடைத்தன.

அந்த உதவாத அலைகளில்தான் அவர்கள் கடலைக் கடந்தனர். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சைகைகளைப் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரத்தில் இருந்தபடி கேட்டார். 1923 நவம்பரில் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல், பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலாயுடன் சுமார் 110 மீட்டரில் இருவழித் தொடர்பு கொண்டார். இதற்குப் பின் 'ஹாம்' என்ற சொல்லில் வசை எதுவும் மிஞ்சவில்லை. உள்ளே மட்டும் 'லிட்' என்ற சொல் அப்படியே தங்கிவிட்டது. தொழில்முறையாளர் தம்மைத் திட்டப் பயன்படுத்திய சொற்களில் ஒன்றைப் பெயராக்கிக்கொண்ட ஹாம்கள், அதன் உடன்பிறப்பான மற்றொன்றைத் தம்மைவிடக் கற்றுக்குறைந்தவர்களுக்கு வைத்துக்கொண்டனர். இன்றும் மோசமாக இயக்குபவர் 'லிட்' எனப்படுகிறார்.

கிழவரும் வவுஃப் ஹாங்கும்

1914இல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் இருவர். ஒருவர் நாற்பதைத் தாண்டிய பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம். மற்றவர் பதின்வயதைக் கடக்காத கிளாரன்ஸ் டஸ்கா. கழகத்தின் இதழான 'கியூ.எஸ்.டி.' 1915 டிசம்பரில் வெளிவந்தது.

1917 முதல் அவ்விதழில் 'கிழவர்' என்ற புனைபெயரில் ஒருவர் அலைகளில் நடக்கும் அலங்கோலங்களைத் திட்டித் தீர்த்துக் கட்டுரைகள் எழுதினார். ஓயாமல் சோதனைச் சைகை அனுப்புவோர், எதிரில் இருப்பவரைக் கேட்காமலே அழைத்துக்கொண்டிருப்போர், எழுத்துகளைக் கடித்துத் துப்புவோர் எனப் பலரும் அவரிடம் அகப்பட்டனர். இவர்களைத் திருத்துவதற்கென 'வவுஃப் ஹாங்' என்ற கருவியையும் அவர் குறிப்பிட்டார். அது எப்படியிருக்கும், எப்படிப் பயன்படும் என்பது யாருக்கும் தெரியாது. 1919இல் மரமும் கம்பியும் சேர்ந்த விநோதமான ஒரு பொருளை இதழ் அலுவலகத்துக்கு அனுப்பி, இதுதான் அது என்றார். அது இன்றும் கழகத்தின் தலைமையகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1936இல் மாக்சிம் மறைந்த பின்னரே, அந்தக் கிழவர் அவர்தான் என்று இதழ் வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிழவரின் ஏச்சு புதியவர்களை மட்டும் குறிவைத்ததன்று. கற்றும் ஒழுங்காக இயக்காதவர்களும் அதில் அடங்குவர். கழகத்தின் தலைவர் தம் பெயரில் இதைச் சொல்லியிருந்தால் அது அதிகாரமாக இருந்திருக்கும். முகமற்ற கிழவர் சொன்னதால் வேடிக்கையாயிற்று. ஆயினும் வவுஃப் ஹாங்கின் பெயரைச் சொல்லிப் புதியவரை மிரட்டுவது மன்றங்களில் வழக்கமானது. அதற்கெனத் தனிச் சடங்குகூட உருவானது.

அழைப்புமுறையும் ஒருவகையில் புதியவரைச் சேர்த்துக்கொண்டது. அலையில் ஆண்கள் அனைவரும் 'ஓ.எம்.', அதாவது கிழவர். நேற்று உரிமம் பெற்ற 14 வயதுச் சிறுவனும் எதிர்முனையில் உள்ள அறுபது வயதுக்காரருக்குக் 'கிழவர்'தான். பெண்கள் எவ்வளவு மூத்தவரானாலும் 'ஒய்.எல்.', அதாவது இளம்பெண். வயதை அழித்த அந்த முறை ஆண்பெண் வேற்றுமையை மட்டும் அப்படியே விட்டுவைத்தது.

பெயரிலேயே குறி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1951இல் 'நோவிஸ்' என்ற தொடக்கநிலை உரிமத்தைக் கொண்டுவந்தது. நோவிஸ் என்றாலே புதியவர். எளிய எழுத்துத் தேர்வு, நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ் தேர்வு ஆகியவற்றில் தேறினால் போதும். இது புதியவர்களுக்குக் கதவைத் திறந்த சட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த அறை சிறியது.

உரிமம் ஓராண்டுக்கு மட்டுமே. புதுப்பிக்க முடியாது. அதற்குள் நிமிடத்துக்கு 13 சொல் வேகத்தை எட்டி மேல்நிலைத் தேர்வில் தேறலாம், அல்லது மோர்ஸ் வேகத்தைக் கூட்டாமலே டெக்னீஷியன் உரிமம் பெற்று மிகைஅதிர்வெண் அலைகளுக்குப் போகலாம். இரண்டும் இல்லையேல் வெளியேற வேண்டும். அலைபரப்பியின் திறன் 75 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. அலைவரிசைகளில் சில குறுகிய துண்டுகள் மட்டும் அவர்களுக்கு உரியவை. முக்கியமாக, அலைபரப்பி படிகத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு படிகம் ஓர் அதிர்வெண்ணில்தான் இயங்கும். கைக்காசில் இரண்டு மூன்று படிகங்கள் வாங்கிய மாணவர், தம்மை அழைத்தவரின் அதிர்வெண்ணுக்கு நகர முடியாது. எனவே பொது அழைப்பு விடுத்த நோவிஸ், பதில் எங்கிருந்து வருமோ என்று அந்தத் துண்டு முழுவதையும் துழாவிக் கேட்க வேண்டியிருந்தது. நெரிசலில் மெல்லிய சைகையைப் பிரித்தெடுக்கும் காது அவர்களுக்கு இந்தக் கட்டாயத்தால் வாய்த்தது.

இவற்றோடு, நோவிஸ்களின் அழைப்புக்குறியின் தொடக்கத்தில் 'என்' என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. 'டபிள்யூ.என்.' அல்லது 'கே.என்.' என்று தட்டியதுமே, இவர் புதியவர் என்பது கேட்கும் அனைவருக்கும் தெரிந்துவிடும். மேல்நிலை உரிமம் பெற்றதும் அந்த 'என்' உதிரும். பொறுமையானவர்களுக்கு அது மெதுவாக அனுப்புங்கள் என்ற அறிவிப்பு. மற்றவர்களுக்குத் தாண்டிப் போகலாம் என்ற அறிவிப்பு. நோவிஸ் உரிமத்தோடு நின்று வெளியேறியவர்கள் ஏராளம். ஓராண்டுக் காலம் பின்னர் இரண்டாண்டாக நீட்டப்பட்டது. படிகக் கட்டுப்பாடும் 1970களில் நீங்கியது. அப்பத்தாண்டிலேயே தனி அழைப்புக்குறியும் கைவிடப்பட்டது.

மூத்தவர்களுக்கும் ஒருமுறை புதியவராகும் அனுபவம் நேர்ந்தது. 1968இல் நடைமுறைக்கு வந்த ஊக்க உரிமத் திட்டத்தால், பல்லாண்டுகளாகப் பொதுநிலை உரிமம் வைத்திருந்தவர்கள் தாம் பேசிவந்த அலைப்பகுதிகள் சிலவற்றை இழந்தனர். மீண்டும் பெற வேண்டுமானால் மறுபடி படித்துத் தேர்வெழுத வேண்டும். அந்தக் கசப்பு நீண்ட காலம் ஆறவில்லை.

'எல்மர்'

கற்றுக்கொடுப்பவருக்கு இத்தனை காலமும் தனிப் பெயர் இல்லை. 1928இல் பால் சீகல் எழுதிய அமெச்சூர் நெறியில், கேட்டுக்கொண்டால் மெதுவாகவும் பொறுமையாகவும் அனுப்புவதும் தொடக்கநிலையினருக்கு நட்போடு அறிவுரை தருவதும் ஹாமின் கடமைகளாகச் சொல்லப்பட்டிருந்தன. அதைச் செய்தவர்கள் பலர் இருந்தனர். அழைக்கப் பெயர்தான் இல்லை.

1971 மார்ச் கியூ.எஸ்.டி. இதழில் ராட் நியூகர்க் தம் பத்தியில் 'எல்மர்'களைப் பற்றி எழுதினார். உரிமம் பெறும் தறுவாயில் இருந்த பலர், கைபிடித்து உதவிய ஒருவர் ஊரைவிட்டுப் போனதும் முயற்சியையே விட்டுவிடுகின்றனர் என்பது அவர் கவலை. அந்த உதவுபவருக்கு அவர் வைத்த பெயர் எல்மர். அவருக்கும் வேறு பலருக்கும் வழிகாட்டிய எல்மர் ஃப்ரோஹார்ட் என்பவரை அது குறித்தது. சொல் பரவியது. 'என் எல்மர் இன்னார்' என்று சொல்வது குருவின் பெயரைச் சொல்லும் மரபுபோல ஆயிற்று. புதியவரைக் குறிக்கும் வசைகள் தாமே பிறந்தன. ஆசிரியருக்குப் பெயர் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மோர்ஸ் அற்றவர்கள்

1991இல் அமெரிக்காவில் மோர்ஸ் தேர்வு இல்லாமலே டெக்னீஷியன் உரிமம் பெறலாம் என்றானது. உடனே 'நோ-கோட்' என்ற புதிய அடைமொழி பிறந்தது. 2000இல் எல்லா நிலைகளுக்கும் மோர்ஸ் வேகம் 5 சொல்லாகக் குறைக்கப்பட்டு, புதிய நோவிஸ் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் உயர்நிலை உரிமம் பெற்றவர்களைச் சிலர் 'எக்ஸ்ட்ரா லைட்' என்றனர். 2007இல் மோர்ஸ் தேர்வு முற்றிலும் நீங்கியது. மோர்ஸை வைத்து ஒருவரைத் தரம் பிரிக்கும் பழக்கம் தந்தி அலுவலகத்தில் தொடங்கியது. தந்தி மறைந்த பின்னும் அது பிழைத்திருந்தது.

வாசலை அகலத் திறந்ததால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் சான்று. மோர்ஸ் தேவைப்படாத, குறைந்த திறனில் பேச மட்டும் அனுமதிக்கும் தொடக்கநிலை உரிமம் அங்கு 1950களின் இறுதியிலேயே வந்துவிட்டது. 1990களில் அங்கு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. அது அமெரிக்காவின் எண்ணிக்கையைவிடக் கூடுதல். பிரிட்டன் 2002இல் கொண்டுவந்த அடித்தள உரிமம் 'எம்.3' என்ற தனி முன்னெழுத்தைச் சூட்டியது. அமெரிக்கர்கள் கைவிட்ட 'என்' அங்கு வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

இந்தியாவிலும் குறி உண்டு. பொதுநிலை உரிமத்துக்கு 'வி.யு.2', மோர்ஸ் தேர்வு இல்லாத கட்டுப்பாட்டுநிலை உரிமத்துக்கு 'வி.யு.3' என்ற முன்னொட்டு வழங்கப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் தம் அழைப்புக்குறியைச் சொன்ன மாத்திரத்தில், அவர் எந்தத் தேர்வு எழுதினார் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மெதுவாக அனுப்புக

மோர்ஸில் 'கியூ.ஆர்.எஸ்.' என்றால் மெதுவாக அனுப்புக என்று பொருள். கப்பல் தந்திக்காக வகுக்கப்பட்ட குறியீட்டுத் தொகுதியைச் சேர்ந்த இது, ஹாம்களிடம் புதியவரின் உரிமைச்சொல் ஆயிற்று. எழுதாத விதி ஒன்றும் உண்டு: வேகமானவர் மெதுவானவரின் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். தானியங்கி விசைகள் வந்தபின், நிமிடத்துக்கு 30 சொல் அனுப்பப் பழகிய கைக்கு 5 சொல் அனுப்புவது சிரமமானதுதான்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று, அமெரிக்கக் கழகம் சாதாரணக் கைவிசை இரவு என்ற நிகழ்வை நடத்துகிறது. மின்னணு விசைகளை ஒதுக்கிவைத்து, பழைய மேல்கீழ் விசையில் கையால் மட்டும் தட்ட வேண்டும். போட்டி இல்லை, புள்ளிக்கணக்கும் இல்லை. ஐம்பதாண்டு அனுபவமுள்ளவர்களின் மணிக்கட்டும் அன்று பிடித்துக்கொள்கிறது. புள்ளிகள் கூடிக் குறைந்து, தவறான எழுத்துகள் காற்றில் போகின்றன. யார் மூத்தவர், யார் நேற்று வந்தவர் என்பது அன்றைய அலையில் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை.