வட்டார வள மையத்தில் என்ன வேலை?



போன வாரம் பஜாரில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது அவள் ஆசிரியர் பயிற்றுநர். "டீச்சர், பி.ஆர்.சி.ல அப்படி என்னதான் வேலைன்னு எங்க மாமியார் கேக்காவ. என்ன சொல்லட்டும்?" என்றாள். பதில் நீளமானது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் படித்த காலத்தில் பள்ளிக்கு வெளியிலிருந்து வருகிற ஒரே ஆள் டெப்டி இன்ஸ்பெக்டர்தான். அவர் வருகிறார் என்றால் வாசலில் கோலம் இருக்கும், நன்றாகப் படிக்கிறவன் முதல் வரிசையில் இருப்பான். பதிவேட்டைப் பார்ப்பார், தலையை எண்ணுவார், குறை எழுதிவிட்டுப் போவார். குறையை எப்படித் தீர்ப்பது என்று சொல்ல ஆள் கிடையாது.

அதற்கும் முன்னால், காமராஜர் காலத்தில், ஊரே பள்ளியைத் தாங்கியது. 1956இல் மதிய உணவு. அப்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில்தான் அதைத் தொடங்கி வைத்தார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். ஊர் மக்கள் நிலம், பெஞ்சு, கடிகாரம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். கட்டடம் வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள்.

1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் உறுதியானது. ஆனால் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்ததை வைத்தே முப்பது வருடம் ஓட்ட வேண்டிய நிலை மாறவில்லை.

அது மாறத் தொடங்கியது 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வந்தது. நமக்கு முனைஞ்சிப்பட்டி. 2001க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையமும், சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையமும் அமைத்தது. துணைக்கருவி செய்ய ஆசிரியருக்கு வருடம் 500 ரூபாய் கொடுத்தார்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு முணுமுணுத்துக்கொண்டே போனோம்.

2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தது. அட்டை, ஏணி, தரையில் உட்கார்ந்து பாடம். எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது என் வகுப்புக்கு வந்த பயிற்றுநர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடம் முழுவதையும் கடகடவென்று ஒப்பித்தான். எனக்குப் பெருமை. அவர் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னய்யா?" என்றார். பையன் முழித்தான். மூன்று வருடமாக அவன் என் பிள்ளை. அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

பார்வைப் பதிவேட்டில் எழுதிவிடுவார் என்று பயந்தேன். அவர் எழுதவில்லை. "சேர்ந்து பார்ப்போம் டீச்சர்" என்றார். அடுத்த வாரம் எழுத்து அட்டைகளோடு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். அந்த வருடக் கடைசியில் பையன் எழுத்துக்கூட்டி வாசித்தான். இன்ஸ்பெக்டருக்கும் இவருக்கும் வித்தியாசம் அன்றுதான் புரிந்தது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பயிற்சி, படிவம், எமிஸ் என்று வகுப்பு நேரம் போகிறது. பயிற்றுநர்களுக்கும் பள்ளிக்குப் போவதைவிடப் புள்ளிவிவரம் சேர்ப்பதே பெரும்பாடு. 2018இல் எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் வந்தது. அந்தத் திட்டத்துக்கு 2024-25இல் மத்திய நிதி வராமல், சுமார் 2,152 கோடி ரூபாய் கேட்டுத் தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. மேலே நடக்கும் சண்டையில் கீழே அடிபடுவது, வீடு தேடிப் போய் மாற்றுத்திறன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர்தான்.

அம்மா, உன் மாமியாரிடம் இப்படிச் சொல்: "டீச்சருக்கு டீச்சர் வேலை அத்தே."

எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பிள்ளை பக்கத்தில் உட்கார். பதிவேடு அப்புறம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வள்ளியூர்