அறிவினாவும் ஐயவினாவும்

"திருவண்ணாமலை ராஜகோபுரத்தை எழுப்பியவர் யார்?"

அவ்வூர்ப் பிள்ளைகளிடம் கேட்பதற்கு இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். பள்ளி மாணவர்களுக்கென நாம் நடத்திய வரலாற்று வினாடி வினாவின் இறுதிச் சுற்று அது. மேடையில் ஆறு அணிகள். கேள்வி, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் அடங்கிய அணிக்குச் சென்றது. சற்றும் தயங்காமல் "செவ்வப்ப நாயக்கர்" என்றனர். நம் கையிலிருந்த அட்டையில் "கிருஷ்ணதேவராயர்" என்று எழுதியிருந்தது. தவறு என அறிவித்தோம். கேள்வி அடுத்த அணிக்குச் சென்றது. அவர்கள் அட்டையில் இருந்ததைச் சொல்லி ஐந்து புள்ளிகள் பெற்றனர். போட்டியின் முடிவில் அவ்விரு அணிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடும் அதே ஐந்து புள்ளிகள்தாம்.

பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாணவியருள் ஒருத்தி நம்மிடம் வந்தாள். "சார், ராயர் ஆரம்பிச்சாரு, முடிச்சது செவ்வப்ப நாயக்கர்னு எங்க டீச்சர் கோயிலுக்கே கூட்டிட்டுப் போய்ச் சொன்னாங்க. எழுப்பினவர்னா முடிச்சவர்தானே?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் விருப்பம் மட்டுமே இருந்தது. நம்மிடம் பதில் இல்லை.

அவள் சொன்னது சரி. கிழக்கு வாயிலில் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தின் பணியைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார். ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் அவருடைய திருப்பணிகளே. ஆனால் அவர் 1529இல் மறைந்தார். கோபுரம் நிறைவுற்றது அதன்பின் தஞ்சையில் ஆட்சி அமைத்த செவ்வப்ப நாயக்கரின் காலத்தில். 'எழுப்பியவர்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு மனிதர்களையும் ஒரு தலைமுறைக் காலத்தையும் அடைத்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு பெயரை விடையாக எழுதிவைத்தது நம் பிழை. அட்டையை எழுதியவர்களும் நாமே, தீர்ப்பளித்தவர்களும் நாமே என்பதால் வேறு எவரையும் நோவதற்கில்லை.

அதன் பிறகு வினாடி வினாவின் விதிகளைப் பற்றி நாம் நிறையவே யோசித்திருக்கிறோம். மாணவர்களுக்குப் போட்டி நடத்த விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கடிகாரத்தின் பிள்ளை

இன்று நாம் அறிந்த வினாடி வினா வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்த ஒன்று. அமெரிக்க வானொலியில் 1953இல் கல்லூரி அணிகள் மோதின. பிரிட்டனின் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' 1962இல் தொடங்கியது. இந்தியாவில் நீல் ஓ பிரையன் 1967இல் கல்கத்தாவில் நடத்திய போட்டியை முதல் பொது வினாடி வினாவாகக் குறிப்பிடுவது வழக்கம். 1985இல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் நடத்திய 'குவிஸ் டைம்' அதை நடுக்கூடத்துக்கே கொண்டுவந்தது.

இந்தப் பிறப்பு வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. ஒலிபரப்புக்குக் கடிகாரமே எசமானன். முப்பது நொடிக்குள் கேள்வி, விடை, தீர்ப்பு மூன்றும் முடிந்தாக வேண்டும். ஆகவே ஒரு கேள்விக்கு ஒரு விடை என்ற விதி அறிவின் இயல்பிலிருந்து வந்ததன்று. நேரத்தின் நெருக்கடியிலிருந்து வந்தது. தலைநகரங்களையும் தனிமங்களையும் கேட்கும்வரை இதில் சிக்கல் இல்லை. வரலாற்றைக் கேட்கத் தொடங்கும்போதுதான் சட்டை இறுக்குகிறது.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்தவர் பிறருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா. வினாடி வினா முழுவதும் இந்த ஒரு வகையால் ஆனது. வரலாற்று ஆய்வோ அறியாவினாவில் தொடங்கி ஐயவினாவில் நெடுங்காலம் தங்குவது. அன்று மாலை அச்சிறுமி நம் அறிவினாவை ஐயவினாவாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வல்லாளனுக்கு மகன் உண்டா?

கேள்வி எழுதுவதில் நாம் கற்ற முதல் பாடம், சான்றின் பெயரைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும் என்பது. திருவண்ணாமலையில் இதற்கு வல்லாள மகாராஜனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் பிள்ளையில்லாத மன்னன். இறைவனே அவனுக்குக் குழந்தையாக வருகிறார். அதனால்தான் இன்றும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, ஒரு மகன் தந்தைக்குச் செய்யும் கடனை அம்மன்னனுக்குச் செய்கிறார். இறைவனே திதி கொடுக்கும் இந்நிகழ்ச்சியை ஊரே கூடிநின்று பார்க்கிறது.

வரலாறு காட்டும் மூன்றாம் வீரவல்லாளன் போசள மன்னன். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். மதுரைச் சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டு 1342-43 அளவில் கொல்லப்பட்டான். அவன் உடல் மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிடப்பட்டதை மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் விருபாட்ச வல்லாளன். அவனுடைய மகன்!

"வல்லாளனின் மகன் யார்?" என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும். தராவிட்டால் ஒரு பிள்ளை தன் பாட்டியிடம் கேட்ட கதைக்கோ, இன்னொரு பிள்ளை நூலகத்தில் படித்த நூலுக்கோ நாம் அநீதி செய்தவர்கள் ஆவோம். "அருணாசல புராணத்தின்படி" என்றோ "போசள வரலாற்றின்படி" என்றோ ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும், சிக்கல் தீர்ந்தது. புராணம் பொய், கல்வெட்டு மெய் என்ற தீர்ப்பையும் மேடையில் சொல்லத் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள் என்பதை மாணவர்கள் கேள்வியிலிருந்தே உணர்ந்துகொள்வார்கள்.

இதே எச்சரிக்கை பெயர்களுக்கும் பொருந்தும். போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. "குந்தவை யார்?" என்றால் பொன்னியின் செல்வன் படித்த பிள்ளைகள் அரங்கமே அதிரும்படி விடை சொல்வார்கள். ஆனால் இராஜராஜனின் தமக்கையும் குந்தவை, மகளும் குந்தவை. மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவள். எந்தக் குந்தவை என்பதைக் கேள்வி தெளிவாக்க வேண்டும்.

இரண்டாவது பாடம், ஆண்டுகளைக் கேட்பதைக் குறைத்தல். வந்தவாசிப் போர் 1760 ஜனவரி 22 அன்று நடந்தது. அதை மனப்பாடம் செய்தவருக்குப் பத்துப் புள்ளி கொடுப்பதில் என்ன மகிழ்ச்சி? அயர் கூட்டும் லாலியும் ஐரோப்பாவில் தொடங்கிய பகையின் கணக்கை வந்தவாசியில் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது ஏன் என்று மூன்று குறிப்புகளோடு கேட்டால், விடை தெரியாத பிள்ளையும் யோசிக்கும்.

மூன்றாவது, மாவட்டத்தின் மண்ணிலிருந்தே கேள்விகளை எடுத்தல். இதற்குப் பஞ்சமே இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' ஒன்றே பத்துப் போட்டிகளுக்குப் போதும். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு 'கோவிவன்' என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற நாய்க்கு மகேந்திரவர்மன் காலத்தில் கிடைத்த பெருமை. இதைச் சொன்னபோது அரங்கில் எழுந்த ஆரவாரம் எந்தச் சக்கரவர்த்திக்கும் எழவில்லை. மாமண்டூர், சீயமங்கலம் குடைவரைகள், வடக்குக் கோபுரத்தைக் கட்டிமுடித்த அம்மணி அம்மாள் என்று பட்டியல் நீளும். அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளையோ பி. ஆர். சீனிவாசன் தொகுக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது.

நாளும் இடமும் நாற்காலியும்

இனி நடைமுறை. திருவண்ணாமலையில் போட்டிக்கு நாள் குறிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை. பௌர்ணமியன்றும் அதற்கு முன்பின் நாள்களிலும் கிரிவலக் கூட்டத்தில் பேருந்து ஊருக்குள் நுழைவதே அரிது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாள்களை நினைத்தும் பார்க்க வேண்டாம். வந்தவாசியிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் வரும் பிள்ளைகள் விடியுமுன் கிளம்ப வேண்டும். இருட்டுமுன் வீடு சேர வேண்டும். ஆகவே பத்தரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் பரிசளிப்பை முடித்துவிடுவது நல்லது. மதிய உணவு நம் பொறுப்பு.

முதல் சுற்று எழுத்துத் தேர்வாக இருக்கட்டும். அறுபது அணிகள், இருபத்தைந்து கேள்விகள் என்றால் ஆயிரத்து ஐந்நூறு விடைகள். ஒரு விடைக்கு ஐந்து நொடி என்றாலும் நால்வர் அமர்ந்தால்தான் அரைமணியில் திருத்த முடியும். சமன் ஆகும் அணிகளைப் பிரிக்க ஐந்து கேள்விகளுக்கு முன்கூட்டியே உடுக்குறி இட்டுவிட வேண்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. நாம் சோதிப்பது வரலாற்றை. படக் கேள்விகளுக்குத் திரையை மட்டும் நம்பாமல் அச்சிட்ட படங்களையும் வைத்துக்கொள்ளுதல் நலம். மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.

மேடைச் சுற்றில் ஒளிந்திருக்கும் அநீதி நாற்காலியில் இருக்கிறது. விடை தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகும் முறையில், வலுவற்ற அணிக்கு அடுத்து அமர்ந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே புள்ளி சேர்ப்பார்கள். பாதிப் போட்டிக்குப் பின் கேள்வி செல்லும் திசையை மாற்றினால் இது பெருமளவு நேராகும். இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கியே ஒதுக்க வேண்டும். பார்வையாளர் விடையைச் சொல்லிவிட்டால் அக்கேள்வியை நீக்கிவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும். இதற்காகவே பத்துக் கேள்விகள் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும்.

எல்லாப் போட்டிகளிலும் ஒரு விதி உண்டு: நடத்துநரின் தீர்ப்பே இறுதியானது. இது தேவையான விதிதான். இல்லாவிட்டால் எந்தப் போட்டியும் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு விதியைச் சேர்த்திருக்கிறோம். சுற்று முடிந்ததும் ஐந்து நிமிடம் முறையீட்டுக்கு உரியது. எந்த அணியும் சான்றைச் சொல்லி மறுக்கலாம். கேள்வி எழுதாத ஒருவர் நடுவராக இருந்து முடிவு சொல்வார். முதலில் பயந்தோம், சண்டைக்களமாகிவிடுமோ என்று. அப்படி ஆகவில்லை. சான்றோடு வர வேண்டும் என்றதும் வெற்றுக் கூச்சல் தானே அடங்கிவிடுகிறது.

வேறு வழிகள்

ஒரே விடை என்ற சட்டத்தை உடைத்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்தும் தேசிய வரலாற்று ஒலிம்பியாடில் மூன்று மாணவரும் ஓர் ஆசிரியரும் ஓர் அணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் பல நாள் அவகாசம். நூல்களைப் பார்க்கலாம், விவாதிக்கலாம். ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கும்; ஆழத்துக்கு ஏற்ப மதிப்பெண் வேறுபடும். ஜெர்மனியில் 1973 முதல் குடியரசுத் தலைவர் பெயரில் நடக்கும் போட்டியிலோ கேள்வியே கிடையாது. மாணவர்கள் தம் ஊரின் வரலாற்றைத் தாமே ஆராய்ந்து எழுத வேண்டும்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நம்மால் ஆகாது. ஆனாலும் அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில் 'ஐயவினா' என்று ஒரு பகுதியைச் சேர்த்தோம். ஒரு செய்தியைப் பற்றிய இரண்டு சான்றுகளின் சுருக்கம் அணிகளிடம் தரப்படும். பத்து நிமிடம் கழித்து, எதை ஏன் ஏற்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். மதிப்பெண் முடிவுக்கு அன்று, காரணத்துக்கு.

அந்தச் சிறுமியின் பள்ளிக்கு, அவர்கள் சொன்ன விடையை நாம் ஏற்றிருக்க வேண்டும் என்று கடிதம் எழுதினோம். அறிவித்த முடிவை மாற்ற முடியவில்லை. கோப்பை வேறு பள்ளியின் அலமாரியில் இருக்கிறது. அதை வென்ற பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த போட்டியைத் தொடங்குமுன் மேடையிலேயே நம் பிழையை அறிவித்தோம். பிறகு ஐயவினாப் பகுதியின் முதல் தாளை அணிகளிடம் கொடுத்தோம். அதில் இருந்த கேள்வி: "ராஜகோபுரத்தை எழுப்பியவர் என்று யாரைச் சொல்லலாம்?"

ஆறு அணிகளிடமிருந்து நான்கு விதமான விடைகள் வந்தன. அவற்றுள் ஓர் அணி, கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே என்று நம்மையே திருப்பிக் கேட்டது.