240-க்குப் பதில் 20 மில்லிகிராம்: புற்றுநோய் மருந்தின் டோஸைக் குறைத்த மும்பை ஆய்வு சொல்வது என்ன?

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. வாய், தொண்டைப் பகுதியில் நோய் முற்றியவர்களுக்கு உதவும் மருந்துகளில் ஒன்று நிவோலுமாப். இது ஓர் ஆன்டிபாடி, அதாவது ஒரே ஒரு இலக்கைத் தேடிப் பிடிக்கும்படி தயாரிக்கப்பட்ட புரதம். சிக்கல் விலையில்தான். வழக்கமான டோஸ் 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். நம்மூரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 6 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 720-க்கு எதிராக 40.

இவ்வளவு குறைச்சா வேலை செய்யுமா? நம் உடலின் டி செல்கள் மீது பிடி-1 என்ற புரதம் பிரேக் போல இருக்கிறது. (இதை 1992-இல் கண்டறிந்தது ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு. அவருக்கு 2018-இல் நோபல் கிடைத்தது.) புற்றுநோய் செல்கள் அந்த பிரேக்கை மிதித்துத் தப்பிக்கின்றன. நிவோலுமாப் பிடி-1 மேல் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. குறைந்த டோஸிலேயே பெரும்பாலான பிடி-1 'சீட்'கள் நிரம்பிவிடுவது ஆரம்பகட்டப் பரிசோதனைகளிலேயே தெரிந்த விஷயம்தான்.

2022 அக்டோபரில் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி'யில் முடிவுகள் வந்தன. நோய் முற்றிய 151 பேரில் ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3%, இரண்டாவதில் 43.4%. சராசரியைவிட நம்பகமான 'மீடியன்' கணக்கில் ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. கடுமையான பக்கவிளைவுகளும் கூடவில்லை.

ஆனா, ஒண்ணு கவனிக்கணும். இங்கே 20-ஐயும் 240-ஐயும் யாரும் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க. முழு டோஸ் கிடைக்கிறவர் அதைக் குறைத்துக்கொள்ள இந்த ஆய்வு காரணமாகாது. முழு டோஸுக்கு வழியே இல்லாதவர் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க இது போதுமான காரணம்.

நடைமுறையில் இன்னொன்றும் இருக்கு. நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியாகவும் வருகிறது, அதாவது ஒரு குப்பி இரண்டு பேருக்குப் போதும். திறந்த குப்பியை எடுத்து வைக்க முடியாது என்பதால், அந்த இருவருக்கும் ஒரே நாளில் ஊசி போட வேண்டியிருக்கும்.