தெகல்தொருவ குகை ஓவியங்கள்

கண்டிச் சுற்றுவட்டாரத்தில், அமுனுகமவிலுள்ள குகை விகாரையின் ஓவியங்கள். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (ஆட்சி 1747–1782) தொடக்கிய பணி அடுத்த மன்னன் இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் நிறைவுற்றது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேயின் கைவண்ணமான வெஸ்ஸந்தர ஜாதகமும் விதானத்து மாரன் போரும் கண்டிய ஓவியத்தின் உச்சங்கள். உலர்ந்த பூச்சின்மேல் தீட்டிய நிறம் சுவருக்குள் ஊறியதன்று. ஈரம் உப்பை வெளித்தள்ளினால் நிறம் செதிலாய் உதிரும். ஆதலால் ஓவியங்களைக் காக்கப் பாறைக் கசிவைத் தடுப்பதே முதற்பணி. விளக்குப் புகையைத் தடுப்பது அடுத்தது.

மங்கியதைப் புதிதாகத் தீட்டுவதே மரபு என்பர் சிலர். மரபுதான், மறுப்பதற்கில்லை, ஆனால் தம்புள்ளைக் குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டில் மீளத் தீட்டியபோது பழைய ஓவியங்கள் அடியில் மறைந்துபோயின. அதே தூரிகை இங்கு விழுந்தால் உன்னான்சேயின் கோடுகளை இனி எவரும் காணமாட்டார். வழிபாட்டிடத்தில் விளக்கை விலக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே; முற்றத்தில் ஏற்றினாலும் அது பூசைதான்.