மண்ணீரல் சொன்ன சாட்சி

கடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சு நிமிர்கிறது. 1025-ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து சென்றதையும், அவன் கடாரங்கொண்டான் எனப் பட்டம் பூண்டதையும் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். அந்தக் கடாரம் மலேசியாவின் கெடா மாநிலமே என்பர் வரலாற்றாசிரியர். நன்று. ஆனால், சோழன் சென்று ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், வாளுமின்றி வேலுமின்றி, ஒரு துணிமூட்டையுடன் அதே கெடாவுக்குக் கப்பலேறிய ஏழைத் தமிழரின் வரலாற்றை எத்தனை மேடைகளில் பேசினோம்? அவர்கள் கடாரத்தைக் கொள்ளவில்லை. கடாரத்துக் காய்ச்சல் அவர்களைக் கொண்டது. அந்தக் காய்ச்சலை வைத்தியர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், கண்டறிந்த முறையில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

1909-ஆம் ஆண்டு பாங்காக்கு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையினின்று பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. அதனையொட்டிய ஆண்டுகளில் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களின் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1938-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் மலாயாவுக்கு உதவிப்பணம் கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்த ஆட்படை ஓயாது சென்றது. காடு வெட்டப்பட்டதும் மலையடிவார ஓடைகளின்மீது வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடுநீரிலேயே முட்டையிட்டுப் பெருகும் கொசுவொன்று அந்நாட்டில் உண்டு. அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்பது அதன் பெயர். அதுவே மலேரியாவைப் பரப்பியது. பால்மரம் நட்ட இடமெங்கும் குளிர்காய்ச்சலும் உடன் முளைத்ததன் காரணம் இதுவே.

காய்ச்சலைக் கண்டறிய அக்கால வைத்தியரிடம் இருந்த மிக எளிய கருவி அவர்தம் கை. தோட்டத்துச் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பர். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கிய உடலில் மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கும். அது விரலில் தட்டுப்படும். 1840-களில் வட இந்தியாவின் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ஸ்டர் என்னும் வைத்தியர் இம்முறையைக் கையாண்டார். கெடாவுக்குத் தெற்கே, சிலாங்கூரின் கிள்ளான் நகருக்கு 1901-இல் வந்த மால்கம் வாட்சன், மலாயாத் தோட்டங்களில் இதனைப் பெரிதும் பயன்படுத்தினார். நூறு சிறுவரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்ற கணக்குக்கு மண்ணீரல் விகிதம் என்று பெயர். 1950-இல் கம்பாலா நகரில் கூடிய மலேரியா மாநாடு, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறுவரில் இவ்விகிதம் நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் அவ்விடம் மலேரியா குறைந்தது என்றும், ஐம்பதுக்கு மேல் நிலைத்து நின்றால் கடுமையானது என்றும் வகுத்தது.

இந்தக் கை சொன்ன சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது? இதற்கு ஒரே விடை இல்லை. கேள்வி யாரைப் பற்றியது என்பதைப் பொறுத்தே விடை மாறும். ஒரு தோட்டத்தில் நூறு சிறுவரில் அறுபது பேருக்கு மண்ணீரல் வீங்கியிருந்தால், அத்தோட்டம் காய்ச்சலின் கூடாரம் என்பதில் ஐயமில்லை. ஓடையைச் சீர்செய், வடிகால் வெட்டு, எண்ணெய் தெளி என்று துரைமாரிடம் கட்டளையிட அந்த எண்ணே போதும். ஆனால் அந்த அறுபது பேரில் ஒரு சிறுவனைத் தனியே நிறுத்தி, இவனுக்கு இன்று காய்ச்சல் உண்டா என்று கேட்டால், கை தடுமாறும். சென்ற ஆண்டுக் காய்ச்சலின் தழும்பாகவும் அவ்வீக்கம் இருக்கலாம். தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோயாலும் மண்ணீரல் வீங்கும். சென்ற வாரம் கப்பலிறங்கிக் கொசுக்கடிபட்ட புதிய ஆளுக்கோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும் மண்ணீரல் இன்னும் வீங்கியிராது. விடியற்காலைப் பெரட்டில் நின்று நடுங்கும் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால், பொய் சொன்னது யார்? அவனல்லன், சோதனையே பொய் சொன்னது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை என்றிருந்த வாழ்வில் அந்தப் பொய்யின் விலை சிறிதன்று.

கையைவிடக் கூரிய சாட்சியாகப் பூதக்கண்ணாடி வந்தது. 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் மலேரியாக் கிருமியை இரத்தத்தில் கண்டார். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஃபீல்டு, 1940-ஐ ஒட்டி, தடித்த இரத்தத் துளியைச் சில நொடிகளில் சாயமேற்றும் முறையொன்றை வகுத்தார். ஃபீல்டு சாயம் என அவர் பெயராலேயே அது உலகெங்கும் வழங்கிற்று. எனினும் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதும் மனிதக் கண்ணே. கிருமி குறைவாயிருந்தால் அது தப்பிவிடும். நூறு தகடுகளைப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்குச் சாயத்தின் துகளும் கிருமியாய்த் தோன்றும்.

ஆகவே சோதனையையும் சோதித்தாக வேண்டும். இதற்கு அளவுகோல் வகுத்தவருள் அமெரிக்கப் புள்ளியியலாளர் யெருஷால்மி முக்கியமானவர். மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக் காசநோய் கூறும் வைத்தியர்கள் தமக்குள்ளும் மாறுபட்டனர்; ஒரே வைத்தியர் ஒரே படத்தை மறுமுறை பார்த்தபோது தம்முடனே மாறுபடுவதும் உண்டு. இதனை ஆராய்ந்து 1947-இல் அவர் இரு கேள்விகளைப் பிரித்து வைத்தார். நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது? நோயில்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது? முன்னதைப் பிடிக்கும் திறன் என்றும், பின்னதை விடுவிக்கும் திறன் என்றும் நாம் வழங்கலாம். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவன் சோதனையை விற்பவனேயன்றி அளப்பவன் ஆகான்.

வாசகர்கள் எம்முடன் சற்றே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். நோயாளர் நூற்றில் 90 பேரைப் பிடிப்பதும், நோயற்றவர் நூற்றில் 5 பேரைத் தவறாகப் பிடிப்பதுமான ஒரு சோதனை உண்டெனக் கொள்வோம். 1,000 பேர் வாழும் தோட்டமொன்றில் 400 பேருக்கு மலேரியா. சோதனை அவர்களில் 360 பேரைப் பிடிக்கும். நலமாயுள்ள 600 பேரில் 30 பேரைத் தவறாகப் பிடிக்கும். பிடிபட்ட 390 பேரில் 360 பேர் மெய்யான நோயாளர். இனி, நோய் அடங்கிய பிற்காலத்தில் அதே தோட்டத்தில் 10 பேருக்கே மலேரியா எனக் கொள்வோம். சோதனை 9 பேரைப் பிடிக்கும். நலமாயுள்ள 990 பேரில் ஏறத்தாழ 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். பிடிபட்ட 59 பேரில் மெய்யான நோயாளர் 9 பேரே! சோதனை மாறவில்லை; சோதித்தவன் கை மாறவில்லை. ஊர் மாறியது, அதனால் அதன் தீர்ப்பின் பொருள் தலைகீழாயிற்று.

இது ஏட்டுக் கணக்கன்று. 1967-இல் மலேசியத் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் தொற்றியதாக 2018 முதல் அந்நாட்டில் ஒருவர்கூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கினின்று மனிதருக்கு வரும் நோலசி மலேரியா எஞ்சி நிற்கிறது. அதைக் காட்டிக்கொடுத்ததும் சோதனையின் பிழையே. கெடாவினின்று தென்சீனக் கடலுக்கு அப்பால் உள்ள சரவாக்கில், கப்பிட்டு வட்டாரத்தில், பூதக்கண்ணாடி பலரின் இரத்தத்தில் கண்டது குவார்ட்டன் மலேரியா எனப்படும் சாதுவான வகை. பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் மரபணுச் சோதனையால் அதனை மீண்டும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். மலேரியா நோயாளர் 208 பேரில் 120 பேரிடம் இருந்தது நோலசிக் கிருமி! கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் குவார்ட்டன் கிருமி 72 மணிக்கு ஒருமுறை பெருகும்; நோலசியோ 24 மணிக்கு ஒருமுறை பெருகிச் சில சமயம் உயிரையும் கொள்ளும். பெயரைத் தவறாகச் சொன்ன சோதனை, காலத்தையும் தவறாகச் சொல்லிற்று.

கெடாவின் பல தோட்டங்களில் தமிழர் இருந்த இடத்தில் இப்போது வேற்று நாட்டு ஏழைகள் நிற்கின்றனர். அவர்களும் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டே வேலைக்கு வருகின்றனர். தகுதியற்றவர் எனத் தீர்ப்பானால் வேலை உரிமை போய்விடும். ஊரில் கடன் வாங்கி வந்தவனுக்கு அந்த ஒரு சொல் குடும்பத்தின் தலைவிதி. அரிய நோயைத் தேடும் சோதனையில் பிடிபட்டவருள் நலமானவர் பலர் இருப்பர் என்பதை மேலே கணக்கிட்டுக் கண்டோம். எனவே, ஒருவனைப் பிடித்த முதற்சோதனையோடு நில்லாது, வேறு வகையான இரண்டாம் சோதனையால் அதனை உறுதி செய்த பின்னரே தீர்ப்புக் கூறுவது அறிவுக்கும் அறத்துக்கும் ஒத்தது. சோழன் வென்ற கடாரத்தைக் கல்லில் வெட்டி வைத்தனர். தோட்டத்துச் சிறுவர் வயிற்றைத் தொட்டு எழுதிய எண்களுக்கு அத்தகைய கல்லெழுத்து இல்லை. எனினும் நோய் எங்கே என்று அவ்வெண்கள் மெய் சொல்லின. யாருக்கு என்று கேட்டபோது தடுமாறின. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அச்சிறுவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.